பி450 போர்டுக்கு இன்னொரு பிராசசர்

என் கணினியில் இருந்த ஏஎம்டி ரைசன் 3 2200ஜி பிராசசரை நான் குறை சொல்ல மாட்டேன். 2018 பிப்ரவரியில் வந்த சில்லு. நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), உள்ளேயே வேகா 8 கிராஃபிக்ஸ். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட மனமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது தாராளமாகப் போதும். புத்தகப் பக்கம் வடிவமைக்க, மெய்ப்புப் பார்க்க, ராத்திரி ஒரு படம் பார்க்க, எதிலும் அது முனகியதில்லை. முனகியது ஒரே ஒரு வேலைக்குத்தான்: ஓசிஆர்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் ஓட்டி, எழுத்தாக மாற்றுவது எனக்குப் பாதி தொழில், பாதி பித்து. மங்கிய அச்சு, பின்பக்கத்து மை தெரியும் தாள், ஓரம் வளைந்த வரிகள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு வழக்கு. முதல் ஓட்டத்தில் சரியாக வராது. படத்தின் கருமையைக் கூட்டி மறுபடி, வரிகளை நேராக்கி மறுபடி என்று ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முந்நூறு பக்கப் புத்தகத்தை ஓடவிட்டால் அந்த நேரத்தில் கணினியில் வேறு எதையும் தொட முடியாது. மவுஸ்கூட யோசித்து யோசித்துத்தான் நகரும்.

"மாமா, ஏழெட்டு வருஷத்து மெஷின். இதுல இன்னும் காசு போடுறதுக்குப் புதுசாவே வாங்கிடலாமே?" என்றான் அக்கா மகன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புதுசு என்றால் ஏஎம்5, அதாவது ஏஎம்டி பிராசசர் உட்காரும் புதிய சாக்கெட். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 ராம் மட்டும்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என் டிடிஆர்4 ராம் இரண்டும், மதர்போர்டும், எல்லாமே மூட்டை கட்டப்பட்டுவிடும். "டேய், இந்த சாக்கெட்ல இன்னும் என்னென்ன உட்காரும்னு முதல்ல பார்ப்போம்" என்றேன். அவனுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டிருக்கும். படட்டும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்தேன், அதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன். டெசராக்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். நான்கு கோரும் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. டிஸ்க் சும்மா இருந்தது. ராமில் இடம் மிச்சம் இருந்தது. இப்படித் தெரிந்தால்தான் பிராசசர் மாற்றுவதில் பொருள் உண்டு. டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்க, பிராசசர் இருபதில் இளைப்பாறிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி. பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்கோடு முடிந்துவிடும். ராம் நிரம்பி வழிந்தால் ராம். பிராசசரை மாற்றிவிட்டு "ஒண்ணும் பெரிசா தெரியலையே" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், என் பிராசசர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லை என்று வந்தது. பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0 கேட்கிறார்கள், அது இருக்கிறது. செக்யூர் பூட் கேட்கிறார்கள், அதுவும் இருக்கிறது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து ஏற்கிறார்கள் என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. என்னுடையதும் 2200தானே? இங்கேதான் பெயர் வைத்தவர்களின் கைங்கரியம். 2600, 2700 எல்லாம் ஸென்+ கட்டமைப்பு. 2200ஜி-யும் 2400ஜி-யும் எண்ணில் இரண்டாயிரமாக இருந்தாலும் உள்ளே முதல் தலைமுறை ஸென், 14 நானோமீட்டர். பட்டியல் போட்டவர்கள் உள்ளே பார்த்துப் போட்டிருக்கிறார்கள். பெயரை நம்பி வாங்கியவர்கள் வெளியே நிற்கிறோம்.

ஆக, எது உட்காரும்? இந்தக் கேள்விக்குப் பிராசசரைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது, மதர்போர்டைக் கேட்க வேண்டும். என் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட் ஓர் அதிசயம்தான். ரைசன் முதல் தலைமுறை 2017-இல் வந்தது, 5000 வரிசை 2020-இல் வந்தது, 5800எக்ஸ்3டி 2022-இல் வந்தது. எல்லாவற்றுக்கும் அதே 1331 பின். ஆனால் துளை பொருந்துவதால் மட்டும் வேலை செய்துவிடாது. புதிய சில்லை அடையாளம் தெரிந்துகொள்ளும் பயாஸ், அதாவது போர்டுக்குள் இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள், வேண்டும். 2020 மே மாதத்தில், என்னுடையது போன்ற பி450 போர்டுகளுக்கும் எக்ஸ்470 போர்டுகளுக்கும் ஸென் 3, அதாவது 5000 வரிசை, கிடையாது என்றே ஏஎம்டி சொன்னது. பயனர்கள் போட்ட கூச்சலில் அதே மாதத்தில் பின்வாங்கியது. அந்தக் கூச்சலில் கலந்துகொண்ட எல்லாருக்கும் என் நன்றி. 2022-இல் அதைவிடப் பழைய பி350, ஏ320, எக்ஸ்370 போர்டுகளுக்கும் கதவு திறந்தது.

இன்டெல் பக்கம் இவ்வளவு தயவு கிடையாது. எல்ஜிஏ 1156, 1155, 1150, 1151 என்று எண்ணைப் பார்த்தாலே தெரியும், ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இதில் 1151 தனிக் கூத்து. ஆறாம் ஏழாம் தலைமுறைக்கும் 1151, எட்டாம் ஒன்பதாம் தலைமுறைக்கும் 1151. பார்த்தால் ஒரே சாக்கெட். ஆனால் 100, 200 வரிசை சிப்செட் இருக்கும் போர்டில் எட்டாம் தலைமுறையை இன்டெல் அனுமதிக்கவில்லை. எச்61 போர்டு வைத்திருப்பவர்கள் ஐ3-2100-லிருந்து ஐ7-3770-க்குப் போகலாம். இரண்டு கோர் நான்காகும், நான்கு த்ரெட் எட்டாகும். பயாஸ் மட்டும் ஐவி பிரிட்ஜை, அதாவது 3770 சேர்ந்த மூன்றாம் தலைமுறையை, அறிந்ததாக இருக்க வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விண்டோஸ் 11 கதவு அப்போதும் திறக்காது.

உங்கள் போர்டின் தயாரிப்பாளர் தளத்தில், அந்த மாடலின் பக்கத்தில், எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ரிவிஷன் எண்ணையும் சேர்த்து. அது போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத எதையும், யார் என்ன சொன்னாலும், வாங்க வேண்டாம்.

என் போர்டின் பட்டியல் நீளமாகவே இருந்தது. அதில் எதை எடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய சாக்கெட்டில் பிராசசர் மாற்றுவது ஒரே ஒரு முறைதான் செய்யவேண்டிய வேலை. ஒரு படி ஏறி, இரண்டு வருடம் கழித்து இன்னொரு படி ஏறலாம் என்ற கணக்கு எனக்கு ஒத்துவராது. அந்த போர்டு சிரமமில்லாமல் மின்சாரம் கொடுக்கக்கூடிய சில்லுகளில் மேலே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த அத்தியாயத்தை மூடிவிட வேண்டும். சிரமமில்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். என்னுடையது மலிவான போர்டு. பிராசசருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் பகுதியின் மேல், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கூட இல்லை. அதில் 105 வாட் சில்லைப் போட்டு மணிக்கணக்கில் ஓசிஆர் ஓட்ட எனக்குத் துணிவில்லை. 65 வாட்டுக்குள் நிற்பது என்று முடிவு.

அடுத்தது கிராஃபிக்ஸ். இங்கே சறுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். என்னைப் போல் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டுபவர், 5600 நல்ல சில்லு என்று கேள்விப்பட்டு வாங்கிப் போட்டால், விசிறி சுற்றும், விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில்லில் கோளாறில்லை, படம் காட்ட அதில் ஆளே இல்லை. ஏஎம்4 ரைசனில் எண்ணுக்குப் பின்னால் ஜி என்ற எழுத்து (ஜி, ஜிஇ, ஜிடி) இருந்தால்தான் உள்ளே கிராஃபிக்ஸ். 5700 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5700ஜி-யில் கிராஃபிக்ஸ் உண்டு, எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பி. 5700எக்ஸ்-இல் கிராஃபிக்ஸ் இல்லை, கேஷ் 32 எம்பி. 2024-இல் வால் எதுவும் இல்லாமல் வெறும் 5700 என்று ஒன்று வந்தது, அதில் கிராஃபிக்ஸும் இல்லை, கேஷும் 16 எம்பிதான். போதாததற்கு 5700எக்ஸ்3டி, அதில் 96 எம்பி. நான்கும் எட்டு கோர், பதினாறு த்ரெட். விற்பவர் அவசரத்தில் "5700 இருக்கு சார்" என்றால் எந்த 5700 என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

நான் எடுத்தது 5700ஜி. 2021-இல் வந்தது, 7 நானோமீட்டர், 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6 வரை போகும். கார்டு வைத்திருந்தால் 5700எக்ஸ்தான் எடுத்திருப்பேன். 5700ஜி-யில், கார்டுகளை இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பி450 போர்டே 3.0தான், எனக்கென்ன நஷ்டம்?

பழைய சில்லு வாங்கலாமா என்றும் யோசித்தேன். தப்பில்லை. பிராசசர் சாதாரணமாகக் கெட்டுப்போகும் பொருள் அல்ல. ஆனால் ஏஎம்4-இல் பின்கள் சில்லின் அடியில் இருப்பதால், அடிப்பக்கத்தின் தெளிவான படம் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. ரைசன் புரோ என்ற பெயரில் அலுவலகக் கணினிகளுக்குப் போகும் சில்லுகள் உண்டு. சில நிறுவனங்களின் கணினிகளில் அதைப் போட்டு ஓட்டியதும் பாதுகாப்புக்காக அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். சில்லுக்குள்ளேயே எரித்து எழுதப்படும் பூட்டு அது, திரும்ப அழிக்க வழியில்லை. அப்படிக் கழற்றி விற்கப்படும் புரோ சில்லு உங்கள் போர்டில் உயிர் பெறாது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதையெல்லாம் எண்ணித்தான் நான் பெட்டியோடு புதிதாக வாங்கினேன்.

பயாஸ் கதைக்கு வருகிறேன். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது, திரையில் ஒன்றும் வராது. பிராசசரே இல்லாமல் பயாஸை மாற்றும் பொத்தான் சில போர்டுகளில் பின்பக்கம் இருக்கும். என்னுடையதில் இல்லை. பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, கோப்பைப் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றினேன். கரண்ட் போனால் கதை முடிந்தது என்பதால் யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பதிப்புக் குறிப்புகளைப் படிக்காமல் ஏற்றக் கூடாது. என் போர்டுக்குக் கடைசிப் பதிப்புக்கு நேரடியாகத் தாவ முடியாது, நடுவில் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று குறிப்பில் இருந்தது.

அந்தக் குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். பழைய பி450, ஏ320 போர்டுகள் பலவற்றில் பயாஸ் சேமிக்கும் சில்லு 16 எம்பிதான். இத்தனை தலைமுறைகளையும் அதற்குள் அடைக்க முடியாது. அதனால் புதியவர்களை உள்ளே விட, பழைய சில பிராசசர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலும் வெளியேறியது பிரிஸ்டல் ரிட்ஜ் எனப்படும் ஏ வரிசை. ஏற்றிய பிறகு உங்கள் பழைய பிராசசரே அதில் ஓடாமல் போகக்கூடும் என்று அர்த்தம். என் 2200ஜி அந்தப் பட்டியலில் தப்பியிருந்தது.

பயாஸ் ஏற்றியதும் எல்லா அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி, விசிறி வேகம், விர்ச்சுவலைசேஷன், பூட் வரிசை என்று நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்தது எதுவும் இருக்காது. முன்கூட்டியே ஒவ்வொரு திரையையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இனி பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி. ஏஎம்டியில் டிபிஎம் என்பது பெரும்பாலும் தனிச் சில்லு அல்ல, எஃப்டிபிஎம் என்ற பெயரில் பிராசசரோடு பிணைந்தது. பிராசசர் மாறினால் அதில் இருந்த சாவி புதியதற்குக் கிடைக்காது. உங்கள் டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், புதிய பிராசசரோடு எழும் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். இதில் ஒரு நுட்பம்: நான் எதையும் பூட்டவில்லையே என்று நினைப்பவர்கள்கூட ஒருமுறை பார்க்க வேண்டும். டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் விண்டோஸ் தானாகவே பூட்டியிருக்கலாம். நான் பிட்லாக்கரை நிறுத்திவைத்துவிட்டு, சாவியையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன்.

கழற்றுவது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் எதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு நெம்புகோல், அது உள்ளே இருக்கும் பின்களைப் பக்கவாட்டில் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து, விசிறியோடு மேலே உட்கார்ந்திருக்கும் கூலரையும் பிராசசரையும் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கும். கூலரை வெடுக்கென்று மேலே தூக்கினால், நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான்.

அதனால் முதலில் சூடாக்கினேன். டெசராக்டையே கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டேன், பேஸ்ட் இளகட்டும் என்று. பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, விசிறி வயரைக் கழற்றி, கேபினட்டைப் படுக்க வைத்தேன். 2200ஜி-யோடு வந்த கூலர் ரைத் ஸ்டெல்த். நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூக்கள்தான் போர்டின் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான்கையும் கழற்றினால் பின்னால் அது தனியாக நழுவிவிடும். கேபினட்டின் மறுபக்கக் கதவையும் முன்பே திறந்து, பின்னாலிருந்து ஒரு கையால் பிளேட்டைப் பிடித்துக்கொள்ள அக்கா மகனைத்தான் உட்கார வைத்தேன். "மாமா, விடலாமா?" என்று அவன் நான்கு தடவை கேட்டிருப்பான்.

ஸ்க்ரூக்கள் வந்ததும் கூலரைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு நூல் அளவு. பிறகு பேஸ்ட் வழுக்கத் தொடங்கியது கையில் தெரிந்தது. அப்படியே திருகியபடி ஒரு பக்கமாகச் சாய்த்தபோது பட்டென்ற ஒரு சின்னச் சத்தத்தோடு கூலர் தனியாக வந்தது, பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது. சாம்பல் நிறத்தில் வறண்டு திட்டுத்திட்டாக நின்ற பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நெம்புகோலைத் தூக்கி, சில்லின் இரு ஓரங்களைப் பிடித்து நேராக மேலே எடுத்தேன்.

புதியதை வைப்பது அதைவிட எளிது. ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம். இரண்டையும் பொருத்திக் கையை விட்டால் தானாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை, அழுத்தக் கூடாது. இன்டெல் எல்ஜிஏ சாக்கெட்டில் நெம்புகோலை மூடும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அங்கே அது வழக்கம். ஏஎம்4-இல் அந்த வம்பெல்லாம் இல்லை. பெட்டியோடு வந்த புதிய ஸ்டெல்த்தின் அடியிலேயே பேஸ்ட் தடவியிருந்தது. அதை விரலால் தொடாமல் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே மூலையை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அழுத்தம் ஒரு பக்கமாக விழும். எல்லாம் முடிந்த பிறகு ராமில் ஒன்று மட்டும் காணாமல் போனதாகக் காட்டினால், ராமைச் சந்தேகிக்கும் முன் பிராசசரின் பின்களையும் கூலரின் முடுக்கத்தையும் பாருங்கள். ராமைக் கையாளும் கட்டுப்பாடு பிராசசருக்குள்தான் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பு. விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. அக்கா மகன் முகத்தைப் பார்த்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான். புதிய பிராசசர் ராமோடு பழகிக்கொள்ள, அதாவது மெமரி டிரெய்னிங் முடிக்க, முதல் முறை நேரம் எடுக்கும், தானே ஒருமுறை அணைந்து எழவும் செய்யும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. பிறகு வெள்ளை எழுத்தில் ஓர் அறிவிப்பு: புதிய சிபியு, எஃப்டிபிஎம் பதிவு பொருந்தவில்லை, அழித்துப் புதிதாக்க ஒய், பழையதை வைத்துக்கொள்ள என். மீட்புச் சாவி கையில் இருந்ததால் யோசிக்காமல் ஒய். விண்டோஸ் எழுந்து, கிராஃபிக்ஸ் டிரைவரைத் தானே சரிசெய்துகொண்டது. ஆக்டிவேஷன் அப்படியே இருந்தது. அது பெரும்பாலும் மதர்போர்டை மாற்றினால்தான் முறுக்கிக்கொள்ளும். விண்டோஸ் 11 சோதனையில் இந்த முறை எல்லாம் பச்சை.

இனி ஓசிஆர். டெசராக்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்கத் தானே நான்கு த்ரெட் வரை பிரித்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பிரிவால் பெரிய பலன் கிடைப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு த்ரெட் என்று கட்டிப்போட்டுவிட்டு, பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதுதான் வேகம். இப்படித்தான் கோர்களின் எண்ணிக்கை நேரடியாகக் கைக்கு வரும். முன்பு நான்கு பக்கம் ஒன்றாகப் போன இடத்தில் இப்போது எட்டு, ஒவ்வொன்றும் முன்னைவிட வேகமாக. ஒரு புத்தகம் முன்பு எடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆகிறது. பதினாறு த்ரெட் இருக்கிறதே என்று பதினாறு பக்கத்தை ஓட்டியும் பார்த்தேன். எட்டுக்கு மேல் கூடுதல் பலன் கொஞ்சம்தான், சத்தம்தான் அதிகம். ஏழு பக்கத்தோடு நிறுத்தி, ஒரு கோரை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். ஓசிஆர் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் மெய்ப்புத் திருத்த முடிகிறது. பணம் கொடுத்தது இதற்குத்தான்.

சூடு பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், முழு வேகத்தில் இந்த வகைச் சில்லுகள் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஸ்டெல்த் கூலர் சின்னது. எட்டு கோரும் மணிக்கணக்கில் உழைத்தால் அது அலறுகிறது. பெரிய கூலர் வாங்குவதற்குப் பதில், பயாஸில் ஈகோ மோடைப் போட்டு 45 வாட்டுக்கு இறக்கினேன். வேகம் குறைந்தது உண்மைதான், ஆனால் பக்கத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. விசிறியின் அலறல் நின்றுவிட்டது. ஹீட் சிங்க் இல்லாத என் போர்டுக்கும் அது நிம்மதி.

கழற்றிய 2200ஜி-யைப் புதியது வந்த பிளாஸ்டிக் ஓட்டிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். அதற்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் ஏ320 போர்டு, அதில் ஏ6-9500. 28 நானோமீட்டர், இரண்டே கோர், பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அவருக்கு 2200ஜி பெரிய தாவல்தான். அவர் உற்சாகத்தில் "கடைசி பயாஸை ஏத்தி ரெடியா வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அந்தக் கடைசிப் பதிப்பில் பிரிஸ்டல் ரிட்ஜுக்கு இடமில்லை. ஏற்றிய மறு நொடியே அவருடைய ஏ6 அந்த போர்டில் எழாது. பட்டியலைப் பார்த்தோம். 2018-இல் வந்த ஒரு பதிப்பு ஏ6, 2200ஜி இரண்டையுமே ஏற்கிறது. அதை ஏற்றி, பழையதிலேயே ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றுவதாக ஏற்பாடு. கூலரைச் சூடாக்காமல் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.